வாட்டம் எங்க சார்?

முதல் சொட்டைக் கேட்டவர் அப்பாதான். கண்புரை ஆபரேஷனுக்காகச் சிவகாசியிலிருந்து வந்து, மடிப்பாக்கத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் தங்கியிருந்தார். வலது கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் பிளாஸ்திரி. எங்கள் வீட்டில் ஏசி ஒரே ஒரு அறையில்தான். கத்திரி தொடங்கிவிட்டால் அப்பா கட்டிலில், நானும் மனைவியும் மகளும் தரையில் பாயில் என்று மொத்தக் குடும்பமும் அந்த அறைக்குள் அடைந்துவிடும். ராத்திரி இரண்டு மணி இருக்கும்.

"ஏய்யா, எங்கயோ சொட்டுது."

"பாத்ரூம் குழாயா இருக்கும்ப்பா. தூங்குங்க."

"குழாய்ச் சொட்டு இப்படிக் கேக்காது. இது அட்டை மேல விழுற சத்தம்."

முப்பத்தெட்டு வருஷம் அச்சாபீஸில் மெஷின்மேனாக இருந்தவர். காகிதம், அட்டை விஷயத்தில் அவர் காது பொய் சொல்லாது. லைட்டைப் போட்டுப் பார்த்தால் ஏசியின் இடது கீழ் மூலையிலிருந்து நிதானமாக ஒவ்வொரு சொட்டாக இறங்கி, பீரோ மேல் இருந்த அட்டைப்பெட்டியின் நடுவில் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியின் மூடி ஊறிப்போய்க் குழி விழுந்திருந்தது.

வேறு எந்தப் பெட்டியாக இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். அதற்குள் இருந்தவை அப்பா ஓட்டிய காலண்டர் படங்களின் முதல் தாள்கள். வேலையிலிருந்து நின்றபோது முதலாளி கொடுத்தனுப்பிய நினைவுப் பரிசு என்றே வைத்துக்கொள்ளலாம். முருகன், மீனாட்சி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா, தாமரைக் குளத்தில் இரண்டு அன்னம், கையில் ஆப்பிளோடு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. பதறிப்போய் இறக்கிப் பார்த்தோம். மை எங்கேயும் கரையவில்லை. ஆனால் மேலே இருந்த ஏழெட்டுத் தாள்கள் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்துவிட்டன. அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "தாள் தண்ணி குடிச்சிருச்சு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

காலையில் மகள் கேட்டாள், "அப்பா, ஏசிக்குத் தண்ணி கனெக்‌ஷன் யாரு குடுத்தா?" ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிறவளின் இந்தக் கேள்வியை நாற்பத்தைந்து வயதுவரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. குழாய் இல்லை, தொட்டி இல்லை, மின்சாரம் மட்டும்தான் உள்ளே போகிறது. வெளியே எப்படித் தண்ணீர் வருகிறது?

பதில் சாப்பாட்டு மேசையில் இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வெளிப்பக்கம் வியர்த்து, அடியில் வட்டமாக ஈரம் கட்டியிருந்தது. ஏசிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. உள்ளே இருக்கும் கூலிங் காயில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் ஜில்லென்று இருக்கும். அறைக் காற்று அதன் மேல் பட்டுப் போகும்போது தன்னிடமுள்ள ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. கணக்குப் போட்டும் காட்டினேன். 30 டிகிரி சூடும் சென்னை ராத்திரியின் முக்கால்வாசி ஈரப்பதமும் சேர்ந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதே காற்று 10 டிகிரிக்கு வந்தால் 9 கிராம் சொச்சத்துக்கு மேல் தாங்காது. எங்கள் அறை பன்னிரண்டுக்குப் பத்து, உயரமும் பத்தடி. அதாவது ஏசி போடும் முன் அந்த அறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லிட்டருக்கும் மேல் தண்ணீர் மிதக்கிறது. அதற்கப்புறம் கதவிடுக்கில் நுழையும் காற்று, நாலு பேர் விடும் மூச்சு என்று ராத்திரி முழுக்கப் புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கும்.

"நம்மூர்ல இப்படிச் சொட்டாதே" என்றார் அப்பா. உண்மைதான். சிவகாசியில் பெரியப்பா வீட்டில் ஏர் கூலர்தான். தண்ணீரை ஊற்றி விசிறியைப் போட்டால் குளுகுளுவென்று இருக்கும். அந்தக் கூலரை ஒருமுறை சென்னைக்கு எடுத்து வந்து, இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. கூலர் காற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஜாதி. ஏற்கெனவே தொண்டைவரை குடித்துவிட்டு நிற்கும் கடற்கரைக் காற்றுக்கு அது எங்கே கொடுப்பது? ஏசி காற்றிடமிருந்து தண்ணீரைப் பிடுங்குகிற ஜாதி.

சொல்லப்போனால் அது பிறந்ததே அதற்காகத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம் இருந்தது. கோடையில் காற்று ஈரமாகிக் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருக்க, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராமல் அச்சு பாழானது. அந்த ஈரத்தைக் கட்டுக்குள் வைக்க வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினியர் அந்த வருஷம் ஜூலையில் ஓர் அமைப்பை வரைந்து கொடுத்தார். அறையின் ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்துவதுதான் அதன் வேலை. ஆட்களுக்கு ஜில்லென்று இருந்தது கூடக் கிடைத்த கொசுறு.

இதை அப்பாவிடம் சொன்னபோது மூடியில்லாத கண் பெரிதாகிவிட்டது. "ரிஜிஸ்டர் தப்புறதுக்காகவா கண்டுபிடிச்சான்?" என்று மூன்று முறை கேட்டார். ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காருவதற்கு அச்சாபீஸில் ரிஜிஸ்டர் என்று பேர். ஒரு நிறம் மட்டும் அடிக்கும் மெஷினில் அதே தாளை நாலு தடவை விட வேண்டும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் மழை பெய்து தாள் ஒரு நூல் அளவு விரிந்தால் போதும், முருகனுக்கு உதடு கன்னத்துக்கு வந்துவிடும். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியிட்டு, ஆர்டர் பிடித்து, ஐப்பசி கார்த்திகையில்தான் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். சரியாக அப்போதுதான் மழையும் வரும். தாள் கட்டுகளுக்குப் பாலித்தீன் போர்த்தி, மெஷின் பக்கத்திலேயே இரண்டு நாள் வைத்துப் பழக்கி, அதற்கப்புறம்தான் ஓட்டுவார்களாம். வருஷத்தின் மற்ற மாதங்களில் எந்தக் கவலையும் இல்லை. கரிசல் காட்டின் காய்ந்த காற்று புரூக்ளின்காரன் காசு கொடுத்துச் செய்த வேலையைச் சும்மா செய்துகொண்டிருந்தது. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் ஒரே ஊரில் சேர்ந்ததற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம்.

சரி, சொட்டுக்கு வருகிறேன்.

முதலில் வந்தவர் போன் ஆப்பில் புக் பண்ணி வந்தவர். ஏசிக்கு அடியில் தொட்டில் மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கட்டி, சின்ன மோட்டாரால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். வாளியில் இறங்கிய தண்ணீர் கருப்புக் காபி நிறத்தில் இருந்தது. "பாத்தீங்களா சார், எவ்ளோ அழுக்கு" என்று காட்டினார். நாங்களும் மரியாதையாகப் பார்த்தோம். 600 ரூபாய். மூன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினோம். நாலாம் ராத்திரி அப்பா, "ஏய்யா" என்றார்.

இரண்டாவது ஆள் தெருமுனைக் கடையிலிருந்து வந்தார். மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மி சார். அதான் ஐஸ் புடிச்சு உருகி ஊத்துது" என்றார். கேஸ் கம்மியானால் ஐஸ் பிடிக்கும், அது உருகிச் சொட்டும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் எங்கள் ஏசியில் ஐஸ் இருந்ததா என்று அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. 2,500 ரூபாய் கொடுத்தேன். அன்று ராத்திரியே சொட்டியது. போன் பண்ணினால், "ரெண்டு நாள் ஓடட்டும் சார், செட் ஆயிடும்" என்றார். தண்ணீர் எப்படி செட் ஆகும் என்று யோசித்துக்கொண்டே பீரோ மேல் ஒரு அன்னக்கூடையை வைத்தேன்.

இந்த கேஸ் விஷயத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அது பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் செம்புக் குழாயை இணைக்கும் நட்டு ஓரத்திலோ காயிலிலோ இருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழ் விட்டுக் காட்டிக்கொடுக்கும். ஓட்டையைக் காட்டாமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவர், பஞ்சர் பார்க்காமல் காற்றடித்துக் காசு வாங்குகிற ஆள். வருஷா வருஷம் கோடைக்குக் கோடை கேஸ் ஏற்றிக்கொள்ளும் வீடுகள் எனக்குத் தெரியும். ஏதோ தடுப்பூசி போட்டுக்கொள்வதுபோல் பேசுவார்கள்.

மூன்றாவதாக வந்தவர் நல்ல உடுப்பில் இருந்தார். டார்ச் அடித்துப் பார்த்து, காயிலுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் டிரே விரிசல் விட்டிருக்கிறது, பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்காது என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார். எக்ஸ்சேஞ்சில் புது ஒன்றரை டன் வாங்கிக்கொள்ளலாமாம். கார்டு கொடுத்தார்.

அவர் டன் டன் என்று பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு மெரினா ஐஸ் ஹவுஸ்தான் ஞாபகம் வந்தது. ஏசியின் டன்னுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் கேட்பார்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்குமோ அதுதான் ஒரு டன். எங்கள் வீட்டு ஒன்றரை டன், நாளெல்லாம் ஓடினால், 1,360 கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமம். இயந்திரக் குளிர்ச்சி வருவதற்கு முன்பு சென்னைக்கு நிஜமாகவே ஐஸ் கப்பலில் வந்தது. அமெரிக்க ஏரிகளில் உறைந்ததை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பிரடெரிக் டியூடரின் கம்பெனி இங்கே கொண்டு வந்து விற்றது. அதை வைக்க 1842-இல் கட்டிய கட்டடம்தான் பிறகு விவேகானந்தர் தங்கி, இப்போது அவர் பெயரிலேயே இல்லமாக நிற்கிறது. அங்கேயும் உருகிய தண்ணீர் போக ஒரு வழி வைத்துத்தானே கட்டியிருப்பார்கள்! அந்த யோசனை அப்போதே எனக்கு உறைத்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

புது ஏசி வாங்கும் அளவுக்கு மனைவி போகவில்லை. அவளுக்கு வேறு சந்தேகம். ஏசிக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட் உப்பியிருந்தது. "ஏங்க, இது ஏசித் தண்ணியே இல்ல. மேல் வீட்டு பாத்ரூம் கசியுது" என்றாள். மேல் வீட்டில் அப்போது டைல்ஸ் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டு வந்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சிமென்ட் ஒட்டிய கையோடு வந்து, சுவரை விரல் மடித்துத் தட்டிப் பார்த்தார். மேலே இல்லை என்று தலையாட்டினார். ஏசியை நிமிர்ந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் பால்கனிக்குப் போய், ஏசித் தண்ணீரை வெளியேற்ற, சுவர் ஓட்டையிலிருந்து வெளியே வரும் டிரெயின் பைப்பைப் பார்த்தார்.

"வாட்டம் எங்க சார்?"

எனக்குப் புரியவில்லை. முகவாட்டம் தெரியும். பயிர் வாடும், பூ வாடும். கொத்தனார் பாஷையில் வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுக்கும் சரிவு. மொட்டைமாடிக்கு வாட்டம், பாத்ரூமுக்கு வாட்டம், கழிவுக் குழாய்க்கு வாட்டம். வீடு கட்டியவர்கள் எல்லாருக்கும் இந்தச் சொல் தெரிந்திருக்கும். நானோ யாரோ கட்டி முடித்த வீட்டை வாங்கியவன்.

"இங்க பாருங்க. சுவத்துலேந்து வெளிய வந்து கீழ எறங்குது. சரி. அப்பறம் இந்தக் கம்பி மேல ஏறிப் போவுது. எறங்கின தண்ணி தானா ஏறுமா?"

பால்கனி கிரில்லின் குறுக்குக் கம்பி மேல் ஏறி, அந்தப் பக்கம் வளைந்து, கீழே ஒரு பழைய பெயின்ட் வாளிக்குள் தலையை விட்டிருந்தது அந்தப் பைப். வயலட் நிற டப்பா. பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதைக் கட்டிய ஆள் யாரென்று எனக்குத் தெரியும்.

2019. செங்குன்றம், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் இரண்டும் காற்றைத்தான் கக்கின. லாரி வரும் வராது என்று வாட்ஸ்அப் குழுவில் ஓயாத சண்டை. அந்த நேரத்தில் ஏசித் தண்ணீர் சும்மா சன்ஷேடில் விழுந்து வீணாவதைப் பார்த்து, ஐந்தடி சுருள் பைப் வாங்கி வந்து, நானே இன்சுலேஷன் டேப் சுற்றி, கிரில் மேலாக வளைத்து வாளியில் விட்டேன். வீடு துடைக்க, செடிக்கு ஊற்ற, பாத்ரூமுக்கு என்று எல்லாம் அந்தத் தண்ணீர்தான். பெருமையாகப் போட்டோ எடுத்துக் குழுவிலும் போட்டேன். நாலைந்து வீட்டில் அதைப் பார்த்துச் செய்தார்கள்.

"அஞ்சு வருஷமா ஓடிட்டுத்தானே இருந்துச்சு மேஸ்திரி?"

"ஓடும் சார். சேறு சேர்ற வரைக்கும் ஓடும்."

அவர் சொன்ன பிறகு யோசித்தால் எல்லாம் சரியாகப் பொருந்தியது. கம்பி மேலே ஏறினாலும், அந்த உயரம் உள்ளே இருக்கும் டிரேயைவிட இரண்டு விரல் கீழே. அதனால் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி, பின்னால் வரும் தண்ணீர் தள்ள, எப்படியோ வழிந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் தேங்கி நிற்கும். காயிலில் இருந்து கழுவி வரும் தூசி அங்கே படியும், பாசி பிடிக்கும். சுருள் பைப்பின் ஒவ்வொரு மடிப்பும் அழுக்குக்கு ஒரு திண்ணை. இது போதாதென்று பைப்பின் நுனி வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், உள்ளே மாட்டிய காற்று வெளியே போக வழியில்லாமல் அதுவும் அடைத்துக்கொள்ளும். முதல் ஆள் தண்ணீரைப் பீய்ச்சியபோது சேறு கொஞ்சம் விலகி மூன்று நாள் வழிவிட்டிருக்கிறது. டிரேயில் விரிசலும் இல்லை, ஒன்றும் இல்லை. போக இடமில்லாத தண்ணீர் நிரம்பி, விளிம்பு தாண்டி, அப்பாவின் முருகன் மேல் சொட்டியிருக்கிறது. பெயின்ட் உப்பியதும் அதே தண்ணீர் பின்பக்கமாகச் சுவரில் இறங்கியதால்தான்.

மேஸ்திரி கத்தியால் பைப்பைப் பள்ளத்தில் அறுத்தார். கருப்பாக, ஜவ்வரிசிக் கஞ்சி ஆடை மாதிரி ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. வாடை சொல்ல முடியாது. அதன் பின்னாலேயே குபுக்கென்று ஒரு மக் தண்ணீர். மகள் கைதட்டினாள்.

அவருக்கு மேல் வீட்டில் கலவை காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு, வாங்க வேண்டியதைச் சொன்னார். சுருள் பைப் வேண்டாம், முக்கால் இன்ச் பிவிசி, இரண்டு எல்போ, கொஞ்சம் சொலூஷன், கிளாம்ப். மொத்தம் 320 ரூபாய் ஆனது. ஆறு மணிக்கு வந்தவர் ரசமட்டம் எடுக்கவில்லை. ஒரு டியூபில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு போட்டால் எவ்வளவு தூரமானாலும் மட்டம் பிசகாது. ஒரு முனையை அப்பாவிடம் கொடுத்து, "ஐயா, அசையாம புடிங்க" என்றார். அப்பா ஒற்றைக் கண்ணால் தண்ணீரின் விளிம்பைப் பார்த்துப் பென்சிலால் புள்ளி வைத்தார். ரிஜிஸ்டர் பார்த்த கண் அல்லவா! அடிக்குக் கால் இன்ச் சரிவு கொடுத்து, எங்கேயும் ஏறாமல், நேராக இறக்கி, வாளியின் வாய்க்கு ஒரு சாண் மேலேயே பைப்பை நிறுத்தினார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நான் ஏசியின் முகப்பைத் திறந்து காயிலின் ஓரமாக ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். ஊற்றிய வேகத்திலேயே வெளியே வாளியில் சத்தம் கேட்டது. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "பைப்பு மாட்டினதுக்கு என்னா சார் கூலி" என்று காபி மட்டும் குடித்தார். வற்புறுத்தி 300 ரூபாய் சட்டைப் பையில் வைத்தேன்.

வந்த மூன்று பேரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டாமவரைத் தவிர! ஏசியைக் குளிரவைப்பது அவர்கள் தொழில், அதனால் குளிர்ச்சி சம்பந்தப்பட்டதையே பார்த்தார்கள். ஒருவர்கூட பால்கனிக் கதவைத் திறக்கவில்லை. புது ஏசி மாட்டும்போதும் இப்படித்தான். செம்புக் குழாயை அளந்து, வளைத்து, பஞ்சு சுற்றி அவ்வளவு பக்குவமாகச் செய்வார்கள். டிரெயின் பைப் கடைசியில், ஆள் கிளம்பும் அவசரத்தில், எங்கே எட்டுகிறதோ அங்கே விடப்படும். அதற்கு மோட்டார் கிடையாது, சுவிட்ச் கிடையாது. பூமி இழுக்கிற இழுப்பு ஒன்றுதான் அதை ஓட்டுகிறது. மெஷினிலேயே மலிவான உறுப்பும் அதுதான். அலுவலகங்களில் கூரைக்குள் பதித்த கேசட் ஏசியாக இருந்தால் தண்ணீரை மேலே தூக்கிவிட உள்ளேயே சின்ன பம்ப் இருக்கும். வீட்டுச் சுவர் ஏசிக்கு அந்த வசதி இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் சொட்டினாலும் முதலில் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போனதும் செய்வது ஒன்றுதான். ஏசி நன்றாகக் குளிர்கிறதா என்று கேட்பேன். குளிர்ச்சி குறையாமல் தண்ணீர் மட்டும் சொட்டினால் நேரே பைப்புக்குப் போவேன். பத்தில் எட்டு என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன், நான் பார்த்த வீடுகளில் அங்கேதான் விஷயம் இருந்தது. குளிர்ச்சியும் குறைந்திருந்தால் முகப்பைத் தூக்கி, பில்டரைக் கழற்றி, பின்னால் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு வீட்டில் பில்டர் நாய்க் கம்பளி மாதிரி இருந்தது. காற்று புக வழியில்லாமல் காயில் முழுக்க உறைந்து, நிறுத்தியதும் உருகிக் கொட்டியது. பில்டரைக் குழாயடியில் கழுவி, ஏசியை நாலு மணி நேரம் ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டதும் சரியாகிவிட்டது. பில்டர் சுத்தமாக இருந்தும் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி பிடித்தால்தான் கேஸைச் சந்தேகிக்கலாம். அப்போதும் ஓட்டையைக் காட்டச் சொல்ல வேண்டும். முதல் மாடியில் ஓர் அம்மா வீட்டில் சொட்டியது ஏசியே இல்லை. செம்புக் குழாயைச் சுற்றிய கருப்புப் பஞ்சு கிழிந்து, ஜில்லென்ற குழாய் வெறுமனே வியர்த்துக்கொண்டிருந்தது. இருபது ரூபாய் டேப்பில் முடிந்தது. புதிதாக மாட்டிய முதல் வாரமே சொட்டினால் யோசிக்காமல் மாட்டியவரைக் கூப்பிட வேண்டும். யூனிட் கோணலாக, பைப் இருக்கும் பக்கம் தூக்கலாக மாட்டியிருப்பார்கள்.

நெளிந்த காலண்டர் தாள்களை அப்பா நியூஸ்பேப்பர் இடைவிட்டு அடுக்கி, மேலே அம்மியை வைத்தார். பத்து நாள் கழித்து எடுத்தபோது முக்கால்வாசி படிந்திருந்தது. முருகனின் வேல் பக்கம் மட்டும் ஓர் அலை நிற்கிறது. அப்பா அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. கண்ணில் தூசி படக் கூடாது, குனியக் கூடாது, புத்தகம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் காலையில் எழுந்ததும் பேத்தியை வாளியைத் தூக்கி வரச் சொல்லி, ஒரு லிட்டர் மக்கால் அளந்து, கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைக்க ஆரம்பித்தார். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஓடியதற்கு: 9. 10. 9. மழை தூறிய ராத்திரிக்கு 12. அந்தத் தண்ணீரில் உப்பே கிடையாது, அதனால் துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸுக்கும் செடிக்கும் வீடு துடைக்கவும் போகிறது. குடிக்கலாமா என்று மகள் கேட்டாள். தூசிக் காயிலைக் கழுவி வரும் தண்ணீர் அது, கூடவே கூடாது. கஞ்சி ஆடையைப் பார்த்தவள் என்பதால் அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. ஒரு நாள் கடல்காற்றே உள்ளே வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவர் கொதித்தது, 41 டிகிரி என்று டிவியில் சொன்னார்கள். ஏசி ராத்திரி முழுக்க ஒரு நிமிஷம் ஓயாமல் ஓடியது. காலையில் பேத்தி வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா அளந்தார். நாலே மக்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. இவ்வளவு ஓடியும் நாலுதான் என்றால் மிச்சம் எங்கே போயிற்று? பீரோ மேல் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. முகப்பைத் திறந்தேன், பனி இல்லை. பால்கனிக்கு ஓடி எல்போவைத் திருகிப் பார்த்தேன். மெக்கானிக் நம்பரைத் தேட போனை எடுத்தபோது, அப்பா கண்மூடியை லேசாக அழுத்திக்கொண்டு பால்கனியில் வந்து நின்றார். மேற்கேயிருந்து அனலாக ஒரு காற்று வந்து கொடித் துணிகளை அடித்தது. விடிகாலை உலர்த்திய துண்டு அதற்குள் மொறமொறவென்று காய்ந்திருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"போனை வைய்யா. மேல்காத்து. நம்மூர்க் காத்து" என்று சொல்லிவிட்டு, தாளின் பின்பக்கம் 4 என்று எழுதினார்.